போன நவம்பர் காலிபிளவர்

மாதா மாதம் பன்னிரண்டாம் தேதி வந்துவிட்டால் தமயந்திக்குச் சோறு இறங்காது. அன்று மாலை நான்கு மணிக்குத்தான், சென்ற மாதம் நாட்டில் சில்லறை விலை எவ்வளவு ஏறியது என்ற கணக்கை அரசாங்கம் வெளியிடும். மாநிலவாரியாகவும் சொல்லும். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோருக்குப் பறப்பார்கள், லாட்டரி ரிசல்ட்டுக்குப் பறப்பார்கள். இவள் பணவீக்கத்துக்குப் பறப்பாள். கிறுக்கு என்று நீங்கள் சொல்லலாம். கொல்கத்தா கிடர்பூரில் அவள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்குக்குள் அவள் கையும் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் உத்தியோகமே விலை கேட்பதுதான். கொல்கத்தாவில் காளிகாட் மார்க்கெட்டும் டாக்குரியா மார்க்கெட்டும் அவள் பங்கு. மாதந்தோறும் அதே கடை, அதே சாமான், அதே அளவு. போய் நின்று, விலையைப் பார்த்து, ஆபீஸ் கொடுத்த டேப்லெட்டில் ஏற்றிவிட்டு வர வேண்டும். இப்படி மாநிலம் முழுக்கப் பலர் ஏற்றுகிற விலைகள் எங்கோ ஒன்றுசேர்ந்து, அரைபட்டு, புள்ளி வைத்த ஒரு எண்ணாக வெளியே வரும். தான் போட்ட கத்திரிக்காய் அதற்குள் இருக்கிறது என்று நினைத்தாலே அவளுக்குப் பெருமை பிடிபடாது.

இந்த டிசம்பரில் விஷயம் பெருமையோடு நிற்கவில்லை. பன்னிரண்டாம் தேதி வரப்போகிற எண்தான், கல்யாணத்துக்குப் பிறகு அவள் எந்த ஊரில் குடியிருக்கப் போகிறாள் என்பதை முடிவு செய்யும். நீங்கள் படித்தது சரிதான். ஜாதகம் பார்த்து இடம் முடிவு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவள் பணவீக்கம் பார்த்து முடிவு செய்ய உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை செந்தில்நாதன் திருச்சிக்காரன். அதே இலாகா, அதே வேலை. அவனுக்குக் காந்தி மார்க்கெட். 'ரெண்டும் ஊர் ஊரா விலை கேக்கிற ஜென்மம், பொருத்தமா இருக்கும்' என்று யாரோ ஒரு சித்தப்பா முடிச்சுப் போட்டார். போன வருஷம் நவம்பரில் திருச்சியிலிருந்து ஒரு பட்டாளம் கிடர்பூருக்குப் பெண் பார்க்க வந்தது. இரண்டு பேருக்கும் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. அவன் வெட்கப்படாமல் கூட்டும் பொரியலும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். அவள் அவன் அத்தையிடம், "அத்தை, இன்னும் கொஞ்சம் ஜல் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். தண்ணீர் என்ற சொல் அந்த நேரம் பார்த்து நாக்கில் வரவில்லை. அத்தை சிரித்த சிரிப்பு துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

பிடிப்பதில் தாமதமே இல்லை. எல்லாத் தாமதமும் ஊரில்தான்.

"கொல்கத்தாவுக்கு வந்து நான் என்ன பண்றது?" என்றான் அவன், போனில். "என் வேலையே விலை கேக்கறது. அந்த பாஷையில ஒரு வெண்டைக்காய்க்கு விலை கேக்க வராது எனக்கு. மார்க்கெட்ல ஊமை மாதிரி நிக்கணும்."

"திருச்சிக்கு வந்தா நான் மட்டும் என்ன பண்ணுவேன்? என் தமிழைக் கேட்டு உங்க அத்தை சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. ஒரு கடைக்காரனோட உருப்படியா சண்டை போட முடியுமா அங்க?"

அதில் பொய் இல்லை. அவளுக்குச் சாமி கும்பிடத் தமிழ், சண்டை போட வங்காளம். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டது. அப்பா உத்தமன் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குக்கூடக் கோபம் வந்தால் வங்காளம்தான் வரும். துர்கா பூஜை நாட்களில் ஊர் முழுக்க நடக்கிற அந்த ஐந்து நாள் கூத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ இருக்க வேண்டும் என்பதைத் தமயந்தியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒரு வருஷம் இழுத்தது. யாராவது ஒருவர் மாற்றலுக்கு மனுப் போட வேண்டும், இருவரும் போடவில்லை. 'நீ எனக்காக வா' என்று கேட்கவும் இருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் செந்திலின் அம்மா, "தை பொறக்கறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க, இல்லேன்னா அவங்கவங்க வழியைப் பாத்துக்கலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சொன்னால் சொன்னதுதான் என்பது அந்த ஒரு வருஷத்தில் எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

யோசனையைச் சொன்னவள் தமயந்திதான்.

"நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது இது ஒண்ணுதான். குடும்பம் நடத்தறவங்க விலை மெதுவா ஏறுற ஊர்லதானே இருக்கணும்? நவம்பர் மாசக் கணக்கு வரட்டும். வங்காளமா தமிழ்நாடா, எது கம்மியோ அங்க குடித்தனம். தோத்தவங்க மறுநாளே மாற்றலுக்கு மனுப் போடணும். பேச்சு மாறக்கூடாது."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றான்.

தமயந்தி ஒன்றும் அசடு இல்லை. நான்கு மாதமாக இரண்டு மாநிலத்தில் வங்காளத்துக்குத்தான் எண் குறைவாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் வாயைத் திறந்தாள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஒப்புக்கொண்டான் என்று அவள் யோசிக்கவில்லை. ஜெயிக்கப் போகிறவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

நவம்பர் சுற்றில் காளிகாட் மார்க்கெட்டுக்குள் அவள் நுழைந்தபோது கால் தரையில் பாவவில்லை. மெட்ரோவிலிருந்து இறங்கி, கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் இடிபட்டு, செம்பருத்தி மாலைக்காரர்களைத் தாண்டி உள்ளே போனால் நாலாவது கடை ரஞ்சனுடையது. காய்கறிக்கு அவன் கடைதான் அவள் கணக்கில் இருக்கிற கடை. நடுத்தர அளவுக் காலிபிளவர், ஒன்று, முப்பத்தைந்து ரூபாய். அவள் ஒதுங்கி நின்று ஆட்கள் வாங்குவதைப் பார்த்தாள். விலை கேட்கிற வேலையில் ஒரு விதி உண்டு. கடைக்காரன் வாயால் சொல்கிற விலையும் விலை அல்ல, அடித்துப் பேசி வாங்குகிற கெட்டிக்காரியின் விலையும் விலை அல்ல. சாதாரணமாக வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகிறதுதான் விலை.

ரஞ்சன் காய்களின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வங்காளத்தில் கேட்டான். அங்கே காலிபிளவர் கோபி, அக்கா தீதி.

"என்ன தீதி, இந்த வருஷம் கோபி வேண்டாமா? போன நவம்பர்ல என் கடையையே காலி பண்ணிட்டுப் போனீங்க. கூடை கூடையா எடுத்துக்கிட்டு, ஒண்ணு இருபது ரூபாய்னு அடிச்சுப் பேசி, என் வாயை அடைச்சிட்டீங்க. வீட்டுக்குப் போனா என் பெண்டாட்டி என்னைச் சும்மா விடலை."

தமயந்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

போன நவம்பர். திருச்சிப் பட்டாளம் மறுநாள் வருகிறது. அம்மா கொடுத்த பை ஒரு கையில், ஆபீஸ் டேப்லெட் மறு கையில். ஒரே நடையில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று வந்தவள், ரஞ்சனோடு முழு மூச்சாகச் சண்டை போட்டு, ஜெயித்த குஷியில் தான் வாங்கிய விலையையே டேப்லெட்டிலும் தட்டிவிட்டாள். காலிபிளவர் இருபது. பட்டாணி, தக்காளி எல்லாமே அப்படித்தான். 'விலை ஏன் இவ்வளவு இறங்கியது?' என்று டேப்லெட் ஒரு கேள்வி கேட்டது. 'வரத்து அதிகம்' என்று பதில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மாப்பிள்ளை வருகிற அவசரத்தில் எந்தப் பெண்ணுக்கு நாட்டின் பணவீக்கம் ஞாபகம் இருக்கும்? அடுத்த மாதம் சரியான விலையைப் போட்டாள். விஷயம் அதோடு மறந்துபோயிற்று.

மறந்தது அவள்தான். கணக்கு மறக்காது. இந்த நவம்பர் விலையை அவர்கள் எதனோடு ஒப்பிடுவார்கள்? போன நவம்பர் விலையோடு. அன்று அவள் விலையைக் கீழே அமுக்கி வைத்தாள். அமுக்கிய அளவுக்கு இன்று ஏறினதாகத் தெரியும். காளிகாட்டில் காலிபிளவர் ஒரே வருஷத்தில் இருபதிலிருந்து முப்பத்தைந்துக்குத் தாவியதாகக் கணக்கு சொல்லும். வங்காளத்தின் பணவீக்கத்தை, போயும் போயும் இந்த மாதத்தில், தமயந்தியே தன் கையால் தூக்கிவிடப் போகிறாள். அதுவும் எதற்காக வாங்கிய காலிபிளவர்? செந்தில் சாப்பிட வாங்கியது.

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மாநிலத்தில் எத்தனை மார்க்கெட், எத்தனை கடை, எத்தனை சாமான். ரஞ்சன் கடை அதில் ஒரு கடுகு. இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கடைசி இலக்கம் மயிரிழையில் தொங்கினால்? பயம் வந்தபின் கடுகும் மலைதான்.

"வேணும்னா இன்னிக்கும் இருபதுக்கே எடுத்துக்கங்க தீதி," என்றான் ரஞ்சன், அவள் முகம் போன போக்கைப் பார்த்து. "கல்யாணம் நெருங்குதுன்னு சொன்னீங்களே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தமயந்தியின் விரல் டேப்லெட்டின் மேல் நின்றது. இன்றும் இருபதுக்கு வாங்கி, இருபது என்றே போட்டால்? இருபதுக்கு இருபது, ஏற்றமே இல்லை. போன வருஷமும் நிஜ விலை இதே அளவில்தான் இருந்தது, ஆகவே ஏற்றம் இல்லை என்பதுதான் உண்மையும். பொய்யின் மேல் இன்னொரு பொய்யை வைத்தால் உண்மை வந்து நிற்கிறது. என்ன அழகான நியாயம் பாருங்கள். மனுஷ மூளை தனக்கு வேண்டியபோது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் இரண்டு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தும்விட்டாள்.

அப்போது ஒரு பெண்மணி வந்தார். பள்ளிக்கூட டீச்சராக இருக்கலாம். தோளில் கனத்த பை. இரண்டு காலிபிளவரைப் புரட்டிப் பார்த்தார். விலை கேட்டார். "வர வர எதையும் தொட முடியலை," என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் முப்பத்தைந்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்ப வைத்த அந்தக் காலிபிளவரைத் தமயந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த அம்மாள் கொடுத்தது முப்பத்தைந்து. அதை இல்லை என்று சொல்லத் தான் யார்?

முப்பத்தைந்து என்று தட்டினாள். தட்டிய கையோடு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். நின்றால் மனசு மாறிவிடும் என்ற பயம்.

வீட்டில் அப்பாவிடம் மட்டும் சொன்னாள். உத்தமன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஒரு கோபியால வங்காளம் கவுந்துடாதும்மா," என்றார். அவள் மூச்சு விடுவதற்குள், "ஆனா கிரேன்ல பாத்திருக்கேன். எல்லா மூட்டையையும் தூக்கும்; கடைசியா வைக்கிற சின்ன மூட்டைக்குத்தான் அலாரம் அடிக்கும்," என்றும் சேர்த்தார். ஆறுதல் சொல்ல அவரைக் கேட்கக் கூடாது.

பன்னிரண்டாம் தேதி அவள் லீவு போட்டாள். மூன்று மணியிலிருந்தே லாப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் சாத்தி வைத்த போனில் செந்தில், அவனும் லீவு. அவன் முதுகுக்குப் பின்னால் அவன் அம்மா குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது. இந்தப் பக்கம் அம்மா பூஜை அறையை விட்டு வரவில்லை. டிவியில் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு, எண் வருவதற்கு முன்பே எண்ணுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். உத்தமன் அவரை வங்காளத்தில் திட்டினார்.

நான்கு அடித்தது. முதலில் நாட்டுக்கான எண் வந்தது. அதை யார் பார்த்தார்கள்? மாநிலங்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தேசத்தில் பணவீக்கத்துக்குப் பறக்கிறவர்கள் தமயந்தி நினைத்ததைவிட அதிகம் போலிருக்கிறது.

"எனக்கு ஓப்பன் ஆயிடுச்சு," என்றான் செந்தில்.

"சொல்லாதீங்க. நான் வங்காளத்தைப் பாக்கறேன், நீங்க தமிழ்நாட்டைப் பாருங்க. ஒரே நேரத்துல சொல்லலாம்."

பக்கம் திறந்தது. விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போனாள். மேற்கு வங்காளம். எண்ணைப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனால் போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூட.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றாள்.

இருவரும் சொன்னார்கள். சொன்னது ஒரே எண். அவன் தன் வரியைத்தான் படித்தானா என்று சந்தேகப்பட்டு அவள் தமிழ்நாட்டைப் பார்த்தாள். அவள் வரியை அவன் பார்த்தான். புள்ளிக்கு முன்னாலும் அதே, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கமும் அதே. கதை சொல்கிற எனக்கே இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்ததை நான் மாற்ற முடியாது. காலிபிளவர் விஷயத்தில் அவளே மாற்றவில்லை.

"யாரும்மா ஜெயிச்சது?" என்றார் உத்தமன்.

"யாரும் இல்லைப்பா."

"அது எப்படி? யாராவது ஜெயிச்சுத்தானே ஆகணும்?"

திருச்சியிலும் அதே கேள்வி எழுந்தது. சமமாக வந்தால் என்ன செய்வது என்று இருவருமே பேசி வைக்கவில்லை. எண்களோடு குப்பை கொட்டுகிற இரண்டு பேர் விட்ட ஓட்டையைப் பார்த்தீர்களா?

தமயந்திக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். கூடை கூடையாக வாங்கியது, இருபது என்று தட்டியது, ரஞ்சன் ஞாபகப்படுத்தியது, விரலை வைத்தது, எடுத்தது. "இந்தத் தடவையும் நான் இருபதுன்னு போட்டிருந்தா அந்தக் கடைசி இலக்கம் ஒண்ணு இறங்கியிருக்கும். இறங்காமயும் போயிருக்கும். எனக்குத் தெரியலை. இனிமே தெரியவும் போறதில்லை."

செந்தில் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"அன்னிக்கு அந்தக் காலிபிளவர் பொரியலை நான் மூணு தடவை கேட்டு வாங்கினேன்," என்றான்.

"நாலு தடவை."

"ஏன் இருபதுன்னு போடலை?"

"ஒரு அம்மா முப்பத்தஞ்சு குடுத்து வாங்கினாங்க. என் கண்ணு முன்னாடி."

அவன் தலையை ஆட்டினான். பிறகு, "அடுத்த மாசக் கணக்கு வரைக்கும் பாப்போமா?" என்று மெல்லக் கேட்டான். பின்னால் அவன் அம்மா நடப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கேள்வியில்தான் தமயந்திக்கு உறைத்தது. ஒரு வருஷமாக அவள் அவனிடம் எத்தனையோ பேசியிருக்கிறாள். சாதகம் பாதகம் சொல்லியிருக்கிறாள், வாடகை ஒப்பிட்டிருக்கிறாள், பணவீக்கத்தை நடுவில் உட்கார வைத்திருக்கிறாள். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எண் சொல்லிவிட்டால் அவள் கேட்க வேண்டியதில்லை, அவன் மறுக்க வேண்டியதும் இல்லை. அதற்காகத்தான் இவ்வளவும்.

"வேண்டாம்," என்றாள். "இனிமே கணக்கு வேண்டாம். எனக்கு இந்த ஊரை விட்டு வர மனசு இல்லை. உங்களை விடவும் மனசு இல்லை. நீங்க இங்க வந்துடுங்க. எனக்காக."

சொல்லிவிட்டாள். காது இரண்டும் சுட்டது. போனைப் பார்த்தாள்; செந்தில் ஆடாமல் அசையாமல் இருந்தான். நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று அவள் போனை ஒரு தட்டுத் தட்டினாள். நிற்கவில்லை. அவன் ஏதோ ஞாபகப்படுத்திக்கொள்கிறவன்போல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"ஃபுல்கொபி கொதொ கொரே, தீதி?" என்றான்.

காலிபிளவர் என்ன விலை, அக்கா? அட்சர சுத்தமான வங்காளம், திருச்சி ராகத்தில்.

உத்தமன் வாயில் இருந்த தேநீர் மேஜை மேல் தெறித்தது. "மாப்பிள்ளை, கட்டிக்கப் போற பொண்ணைத் தீதிங்கக் கூடாது," என்று அங்கிருந்தே கத்தினார்.

"மார்க்கெட்ல கேக்கறதுக்குத்தான் மாமா படிச்சேன். வேற மாதிரி கூப்பிட இன்னும் வரலை."

"எத்தனை நாளா இது?" என்றாள் தமயந்தி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீ அந்த கண்டிஷன் போட்ட அன்னிலேருந்து. நாலு மாசமா வங்காளம்தான் கம்மின்னு எனக்குத் தெரியாதா? நானும் தினம் அதைத்தானே பாத்துட்டு உக்காந்திருக்கேன்." அவன் சிரித்தான். "நீயாக் கேப்பேன்னு ஒரு வருஷமாக் காத்துட்டு இருந்தேன். சரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு. கோபி என்ன விலை?"

தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்கு? சர்க்காருக்குன்னா முப்பத்தஞ்சு."

"நமக்கு."

"நமக்குன்னா இருபது," என்றாள். "ரஞ்சன்கிட்ட நான் பேசிக்கறேன்."